கர்த்தருக்குப் பயப்படுவதும் கர்த்தரைப் பார்த்துப் பயப்படுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் நாற்காலிகளை அடுக்க உதவுகிறவர்போல் நின்றுகொண்டிருப்பார். "ஒன்று கேட்கலாமா?" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார். பல வருஷங்களாக அப்படி என்னிடம் வந்த கேள்விகள்தான் இவை. ஆட்கள் வேறு, வயது வேறு. ஆனால் கேள்விக்கு அடியில் இருக்கும் பயம் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். வசனங்கள் நாம் மனப்பாடம் செய்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

1. தேவனுக்குப் பயப்பட வேண்டும் என்றுதானே பைபிள் சொல்கிறது? அப்புறம் பயம் தப்பு என்று ஏன் சொல்கிறீர்கள்?

பயம் முழுவதுமே தப்பு என்று நான் சொல்வதில்லை. "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" (நீதிமொழிகள் 9:10) என்று சொல்கிற அதே வேதாகமம்தான் "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" (1 யோவான் 4:18) என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே வசனத்தில் ஒட்டிக்கொண்டு வரும் இடமும் உண்டு. சீனாய் மலை புகைகிறது, இடி முழங்குகிறது, எக்காளம் கேட்கிறது, ஜனங்கள் நடுங்குகிறார்கள். மோசே அவர்களிடம் "பயப்படாதிருங்கள்" என்கிறார். அதே மூச்சில், தேவனைப் பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கும்படிக்கே அவர் எழுந்தருளினார் என்றும் சொல்கிறார் (யாத்திராகமம் 20:20).

எந்தப் பயம் எது என்று தெரிய அடுத்த வசனத்தைப் பார்த்தால் போதும். ஜனங்கள் தூரத்தில் நின்றார்கள். மோசே தேவன் இருந்த கார்மேகத்துக்குச் சமீபமாய்ப் போனார். இடியும் புகையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவருடைய கால் முன்னே போகிறது, மற்றவர்களுடைய கால் பின்னே போகிறது. யாராவது "எனக்குத் தேவபயம் உண்டு" என்று சொல்லும்போது, அந்தப் பயம் இவரை எந்தப் பக்கம் நடக்க வைக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

2. மூல மொழியில் 'பயம்' என்றால் 'மரியாதை' என்றுதான் அர்த்தமாமே? அப்படியானால் பிரச்சினையே இல்லையே?

பாதி சரி. எபிரெயத்தில் வரும் சொல் இரண்டையும் சுமக்கிறது. யாக்கோபு தன் அண்ணன் ஏசா வந்து வெட்டிப்போடுவானோ என்று பயந்ததற்கும் அதே வேர்ச்சொல்தான். எனவே சொல்லை மாற்றி வைத்துப் பயத்தைக் கரைத்துவிட முடியாது. 'மரியாதை' கொஞ்சம் லேசான சொல்லும்கூட. ஏசாயா தேவனைக் கண்டபோது "ஐயோ! அதமானேன்" என்று அலறினார். தமிழில் நம்மிடம் இருக்கும் 'பயபக்தி' எவ்வளவோ பொருத்தம்.

எனக்கு இதை விளக்கியது படகுக் காட்சி (மாற்கு 4). அதில் சீஷர்கள் இரண்டு தடவை பயப்படுகிறார்கள். புயலில் ஒரு தடவை. புயல் அடங்கிய பிறகு இன்னொரு தடவை, அதுவும் முன்னைவிட அதிகமாக. முதல் பயம் என்ன பேசியது? "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" இரண்டாவது பயம், காற்றும் கடலும் கீழ்ப்படிகிற இவர் யாரோ என்று வியந்தது. முதல் பயம் அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவே கட்டிவிட்டது. இரண்டாவது, அவரை இன்னும் சரியாகத் தெரியவில்லையே என்று கேட்க வைத்தது. இயேசு கண்டித்தது முதல் பயத்தைத்தான்.

3. பயம் ஓர் உணர்ச்சிதானே. அது எப்படித் தேவனைப் பற்றிய புரிதலைக் கெடுக்கும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் நடு. பயம் உணர்ச்சியாக மட்டும் நின்றால் பரவாயில்லை. அது அறிவின் குரலில் பேச ஆரம்பிக்கும். ஓர் எஜமான் தன் பணத்தை மூன்று ஊழியக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பயணம் போகிற தாலந்து உவமையில் (மத்தேயு 25) ஒரு தாலந்து வாங்கியவன் சொல்வதைக் கவனியுங்கள்: நீர் விதைக்காத இடத்தில் அறுக்கிறவர், "கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன்." பிறகுதான், "ஆகையால், நான் பயந்துபோய்" நிலத்தில் புதைத்துவைத்தேன் என்கிறான். 'அறிவேன்' என்கிறானே, அந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். எப்படி அறிந்தான்? ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 நாள் கூலி, கிட்டத்தட்ட 20 வருஷ உழைப்பு. அதை ஓர் அடிமையின் கையில் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்று அவன் யோசிக்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் அதே எஜமானிடம் கேட்டது "உன் எஜமானுடைய சந்தோஷத்திற்குள் பிரவேசி" என்ற வார்த்தையை.

கடைசியில் அவனுக்குத் தண்டனைதானே கிடைத்தது, அவன் நினைத்தது சரியாகிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. எஜமான் அவனுடைய வார்த்தையை வைத்தே அவனைப் பிடிக்கிறார்: அப்படி அறிந்திருந்தால் காசுக்காரரிடமாவது போட்டிருக்கலாமே? உண்மையிலேயே கண்டிப்பானவர் என்று நம்பியிருந்தால் வட்டிக்காவது வழி பார்த்திருப்பான். பயம் அவனை அதைக்கூடச் செய்யவிடவில்லை.

ஏதேனில் நடந்ததும் இதுதான். வேதாகமத்தில் மனிதன் வாயில் பயம் முதன்முதலாக வரும் இடம் அது: உம்முடைய சத்தத்தைக் கேட்டேன், பயந்து ஒளிந்துகொண்டேன் என்கிறான் ஆதாம். தோட்டம் மாறவில்லை, சத்தம் மாறவில்லை. "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேடி வந்தவரின் குரல், மரத்துக்குப் பின்னால் இருந்தவன் காதில் துரத்தி வருகிறவரின் குரலாக விழுந்தது. பயம் நம்மைத் தள்ளி நிற்க வைக்கிறது. தள்ளி நின்றபடியே அவருடைய முகத்தை வரைந்துகொள்கிறோம். பிறகு நாமே வரைந்த முகத்தைப் பார்த்து இன்னும் தள்ளிப் போகிறோம்.

4. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவரை நினைத்தால் பயம்தான். இது எங்கிருந்து வருகிறது?

பல வழிகளில் வரும். வீட்டில் அடி வாங்கியே வளர்ந்தவர் 'பிதா' என்ற சொல்லைக் கேட்டதும் தோள் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பிரசங்கங்கள் வழியாகவும் வரும். "அவர்கள் எனக்குப் பயப்படுகிற பயம் மனுஷராலே போதிக்கப்பட்ட கற்பனையாயிருக்கிறது" என்று கர்த்தரே குறைப்பட்டுக்கொள்ளும் வசனம் ஏசாயா 29:13-ல் இருக்கிறது. மனிதர் சொல்லிக்கொடுத்த பயத்தை அவர் தமக்குரிய கனமாக எடுத்துக்கொள்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எட்டோ ஒன்பதோ வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அம்மாவின் செருப்பு வாசலிலேயே இருந்தது. ஆளைக் காணோம். முந்தின வாரம்தான் இரகசிய வருகையைப் பற்றிக் கேட்டிருந்தேன். கர்த்தர் வந்து எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், காலையில் பொய் சொன்ன என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அறை அறையாக ஓடினேன். அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஈரச் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் "இயேசப்பா" என்று ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை என்பது பெரியவனான பிறகுதான் உறைத்தது. பயத்தில் அம்மாவைத் தேடத் தெரிந்தது. அவரைத் தேடத் தோன்றவில்லை. ஏனென்றால் என் மனதில் அந்தப் பயமே அவராக இருந்தார்.

5. பயத்தால்தான் நான் ஜெபிக்கிறேன், சபைக்கு ஒழுங்காகப் போகிறேன். அதனால் என்ன நஷ்டம்?

பிற்பாடு திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். 1505-ல் இடிமழையில் மாட்டிக்கொண்டு, உயிர் பிழைத்தால் துறவி ஆகிறேன் என்று பொருத்தனை செய்தார். சொன்னபடியே மடத்தில் சேர்ந்தார். உபவாசம், விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் அவரைவிடப் பக்தியுள்ளவர் கிடையாது. வயதான பிறகு, 1545-ல், அந்த நாட்களைப் பற்றி அவரே எழுதினார்: பாவிகளைத் தண்டிக்கிற நீதியுள்ள தேவனை நான் நேசிக்கவில்லை, வெறுத்தேன் என்று. நஷ்டம் என்னவென்று கேட்டால் அதுதான். பயம் முழங்காலில் நிற்க வைக்கும். உள்ளே கசப்பு ஊறிக்கொண்டே இருக்கும், நமக்கே தெரியாமல்.

கெட்டகுமாரன் உவமையில் வீட்டிலேயே இருந்த மூத்த மகனும் அப்படித்தான். ஒரு நாளும் வீட்டைவிட்டுப் போகவில்லை, ஒரு கட்டளையும் மீறவில்லை. கடைசியில் வாயைத் திறந்தபோது தகப்பனோடு வாழ்ந்தவன் பேசுவதுபோலவே இல்லை; கூலி கிடைக்காத வேலைக்காரன்போலப் பேசினான்.

6. வியாதியோ கடனோ வந்தால், ஏதோ பாவத்துக்குத் தண்டனை என்று உடனே தோன்றுகிறது. அது உண்மையா?

செயலுக்கு விளைவு உண்டு. பொய் சொன்னால் நம்பிக்கை போகும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கஷ்டத்தையும் தீர்ப்பாக வாசிப்பதை இயேசுவே தடுத்திருக்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று தாமே பதில் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரையும் மனந்திரும்பும்படிதான் அழைத்தார். செத்தவர்கள்மேல் பழி போடவில்லை.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபின் நண்பர்களையும் மறக்க வேண்டாம். தேவன் நியாயமானவர், ஆகவே நீ ஏதோ செய்திருப்பாய் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். யோபோ அழுதார், வாதாடினார், முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார். கடைசியில் கர்த்தர், யோபு என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்று அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைத்தான் கடிந்துகொண்டார் (யோபு 42:7). பயந்து பயந்து அவரைப் பாதுகாத்தவர்களைவிட, அழுதுகொண்டே அவரிடம் சண்டை போட்டவர் அவரைச் சரியாக அறிந்திருந்தார்.

7. பழைய ஏற்பாட்டுத் தேவன் கோபக்காரர், இயேசு அன்பானவர். அப்படித்தானே?

அப்படிப் பிரித்தால் பயம் போகாது, ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும். "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும்" உள்ள தேவன் என்று அவர் தம்மை அறிவித்தது யாத்திராகமம் 34-ல். நரகத்தைப் பற்றிச் சுவிசேஷங்களில் திரும்பத் திரும்பப் பேசுகிறவர் இயேசு. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று அவர் சொன்னதை நம்பினால், அவர் முகத்துக்குப் பின்னால் வேறொரு கடுமையான முகம் காத்திருக்க முடியாது.

8. சரி, ஊசா? உடன்படிக்கைப் பெட்டி விழாமல் பிடித்தவனையே அடித்துவிட்டாரே!

அந்தச் சாவு எனக்கு இன்றும் கனமாகத்தான் இருக்கிறது. பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த அந்தப் பெட்டியைத் தண்டுகளில் கோத்துத் தோளில் சுமக்க வேண்டும், தொடக்கூடாது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். இந்த விளக்கம் சரி, ஆனால் அதைச் சொல்லி முடித்த பிறகும் மனம் அடங்குவதில்லை. தாவீதுக்கும் அடங்கவில்லை. 2 சாமுவேல் 6-ல் அவருக்கு முதலில் விசனம், அப்புறம் பயம். கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவது எப்படி என்று சொல்லி, அதை ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

கதை அங்கே நிற்கவில்லை என்பதைத்தான் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். பெட்டி அந்த வீட்டில் மூன்று மாதம் இருந்தது. யாரும் சாகவில்லை. கர்த்தர் அந்த வீட்டாரையெல்லாம் ஆசீர்வதித்தார். தாவீது ஒரே ஒரு பயங்கர நாளை வைத்து முழு முடிவுக்கு வந்திருந்தார்; இன்னொருவர் வீட்டிலிருந்து வந்த செய்திதான் அவரைத் திரும்பி நடக்க வைத்தது. இந்தத் தடவை பெட்டியைச் சுமந்து வந்தார்கள். அவர் தம் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினார். முதல் கேள்வியில் சொன்ன இரண்டு பயமும் ஒரே ஆளுக்குள் மூன்று மாத இடைவெளியில் நடக்கிறது.

9. நரகம் உண்டு என்றால் பயப்படாமல் எப்படி இருப்பது? இயேசுவே "பயப்படுங்கள்" என்றாரே?

சொன்னார். ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள் என்றார் (மத்தேயு 10:28). தயவுசெய்து அதோடு வேதத்தை மூடாதீர்கள். அடுத்த மூன்று வசனத்தில் ஒரு காசுக்கு விற்கிற இரண்டு அடைக்கலான் குருவிகள் வருகின்றன, எண்ணப்பட்ட தலைமயிர் வருகிறது, "ஆதலால், பயப்படாதிருங்கள்" என்று முடிகிறது. பயந்தவர் 28-ஐ மட்டும் மனப்பாடமாகச் சொல்வார். 31 அவர் கண்ணில் படுவதே இல்லை. பயம் புரிதலைக் குறுக்குகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யோவானும் சொல்லவில்லை. அன்பிலே பயமில்லை என்று எழுதுவதற்கு முந்தின வசனத்திலேயே நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது, அந்த நாளில் தைரியம் உண்டாயிருக்கும் என்று. சபைப் பிதாவான அகுஸ்தீன் இந்தப் பகுதியை விளக்கும்போது ஊசியையும் நூலையும் சொன்னார்: ஊசி முதலில் நுழைந்தால்தான் நூல் உள்ளே வரும், ஆனால் தைத்து முடித்த துணியில் ஊசி தங்குவதில்லை. தண்டனைப் பயம் ஒருவரை அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். வருஷக்கணக்காகத் துணியிலேயே குத்திக்கொண்டிருந்தால், எங்கேயோ தையல் நின்றுவிட்டது.

10. பயம் போய்விட்டால் பாவம் செய்யத் துணிந்துவிடுவோமே?

சீனாயில் நடுங்கித் தூரத்தில் நின்றார்களே, அவர்களேதான் மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் பொன் கன்றுக்குட்டியைச் செய்தார்கள். அத்தனை நடுக்கம் நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை.

சங்கீதம் 130:4 இதற்கு நேர்ப் பதில்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." நாமாக எழுதியிருந்தால் 'பயப்படும்படிக்குத் தண்டனை உண்டு' என்றிருப்போம். மன்னிக்கப்பட்டவனுக்கு வருகிற பயம் வேறு வகை. அகுஸ்தீனே இன்னொரு உதாரணமும் சொல்வார்: ஒருத்தி கணவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள், இன்னொருத்தி அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். இரண்டும் பயம்தான். இரண்டாவது பயம் அன்போடு சேர்ந்தே வளரும்.

11. எங்கள் ஊழியரைக் கேள்வி கேட்டால் சாபம் வரும் என்கிறார்கள். "அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே" என்று வசனம் இருக்கிறதே?

அந்த வசனம் இருக்கும் 105-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு கொஞ்சம் பேராக, ஊர் ஊராகப் பரதேசிகளாய் அலைந்தபோது, ராஜாக்கள் அவர்களை ஒடுக்காதபடி கர்த்தர் சொன்ன வார்த்தை அது. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கச் சொன்னதை எடுத்து, மேடையில் நிற்கிறவரைக் கீழே உட்கார்ந்திருக்கிறவரின் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுத்துவது அநியாயம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்கு 'நற்குணசாலிகள்' என்று பெயர் கிடைத்தது.

பரம்பரைச் சாபத்துக்கும் இதே பதில்தான். எசேக்கியேல் 18:20-ஐயும் கலாத்தியர் 3:13-ஐயும் வாசித்துவிட்டு வந்து பேசுங்கள்.

12. மன்னிப்பே இல்லாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் ஆட்கள் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். இயேசு அந்த வார்த்தையைச் சொன்ன இடத்தைப் பாருங்கள். அவர் ஆவியானவரால் செய்ததைக் கண்ணால் பார்த்தும், அது பிசாசின் வேலை என்று மனதறிந்து சொன்னவர்களிடம் அது சொல்லப்பட்டது. அவர்கள் அப்படிச் சொன்னதினாலேயே இப்படிச் சொன்னார் என்று மாற்கு 3:30 தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. அவர்களில் யாரும் அழுதுகொண்டு வந்து, ஐயோ நான் அதைச் செய்துவிட்டேனோ என்று கேட்கவில்லை. மன்னிப்புக்காக ஏங்குகிற நீங்கள் அந்த வரிசையில் இல்லை. ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியனும் இதே பயத்தில் நீண்ட காலம் வதைபட்டு, அதை 1666-ல் வெளியான தன் சொந்தக் கதையில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூஷணமான எண்ணம் தானாக வந்து வந்து போவது, ஒரே பாவத்தைப் பத்து தடவை அறிக்கையிட்டும் நிம்மதி வராமல் இருப்பது, ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிப்பது: இப்படி இருந்தால் அது ஓ.சி.டி. என்கிற மனநோயின் ஒரு வகையாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. இன்னும் அதிகமாக உபவாசம் இருங்கள் என்று இவர்களுக்கு ஆலோசனை சொல்லாதீர்கள்.

13. பிள்ளைகள் அடங்க வேண்டுமே. "இயேசப்பா அடிப்பார்" என்று சொல்வதில் என்ன தப்பு?

நாலாவது கேள்வியில் மாடிப்படி ஏறி ஓடிய பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அடங்க வைப்பது உங்கள் வேலை. அதற்கு அவர் பெயரைக் கடன் வாங்காதீர்கள். பிள்ளை தப்பு செய்த அன்று அவரிடம் சேர்ந்து ஜெபியுங்கள், ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள், பிறகு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

14. இதெல்லாம் புத்திக்குப் புரிகிறது. ஆனாலும் இரவில் படுத்தால் பயம் வருகிறது. அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா?

"பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல" என்பதை நீங்கள் இன்னொரு குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறீர்கள். 'பூரணப்பட்டவன் அல்ல' என்றால் இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள். தையல் நடந்துகொண்டிருக்கிறது. தாவீதுக்கே மூன்று மாதம் ஆயிற்று.

பயத்தை விரட்டிவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56-ஆம் சங்கீதம். பயம் தீர்ந்த நாளில் என்று சொல்லவில்லை. இன்று இரவு பயம் வந்தால், மனப்பாட ஜெபம் எதுவும் வேண்டாம். அவரிடமே "உம்மைப் பார்த்துப் பயமாக இருக்கிறது அப்பா" என்று சொல்லுங்கள். ரோமர் 8:15-ல், திரும்பவும் பயப்படுகிறதற்கு நாம் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை என்று எழுதிய பவுல், கூப்பிடும்படி வைத்துவிட்டுப் போன அரமேயச் சொல்லும் அதேதான்: அப்பா.